அடுக்களையில் ஒரு நீலச் சுடர்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்திலிருந்து கடைவீதியை நோக்கிச் செல்லும் வழியில் பழைய இரும்புக் கடை ஒன்று உண்டு. உடைந்த மிதிவண்டிச் சட்டங்கள், துருவேறிய சன்னல் கம்பிகள், சாவி தொலைந்த பூட்டுகள் என்று ஒரு தலைமுறையின் தேவைகள் எல்லாம் அங்கே குவியலாய்க் கிடக்கும். சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, அந்தக் குவியலுக்குள்ளிருந்து என் தங்கை ஒரு பொருளைக் கண்டெடுத்தாள். இரண்டு பர்னர்கள் கொண்ட பழைய கேஸ் அடுப்பு அது. வார்ப்பிரும்புக் கால்கள், வெள்ளை எனாமல் பூசிய உடல், அதுவும் பாதி உதிர்ந்து கறுப்புத் திட்டுகளாய்த் தெரிந்தது, பித்தளைப் பர்னர்கள் பாசி பிடித்தாற்போல் பச்சை பூத்திருந்தன. கடைக்காரர் அதை அடுப்பு என்று விலை சொல்லவில்லை. இரும்புக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை என்று தராசில் வைத்துத்தான் கணக்குப் பார்த்தார்.

அன்று மாலை அவள் எனக்குத் தொலைபேசினாள். “அண்ணே, டீச்சர் வீட்டு அடுப்பு மாதிரியே ஒண்ணு கிடைச்சிருக்கு. வாங்கிட்டேன்” என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் விளக்கவில்லை; விளக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

1980ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், நாங்கள் குடியிருந்த தெருவில் எதிர்வீட்டு ஆசிரியைக்கு மட்டுமே எரிவாயு இணைப்பு இருந்தது. காப்பித்தூள் கடன் வாங்கவும், தயிருக்கு உறைமோர் கேட்கவும் அம்மா அங்குச் செல்லும்போதெல்லாம் நானும் தங்கையும் பின்னாலேயே ஓடுவோம். ஆசிரியை ஒரு திருகைத் திருப்பித் தீக்குச்சியைக் காட்டியதும், ‘பக்’கென்ற ஓசையுடன் நீலநிறத்தில் ஒரு வளையம் எழும். அம்மா தன் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டிற்கு எரிவாயு வந்தது 1998இல். அதற்குள் அம்மாவின் நெஞ்சில் இழுப்பு நிலைகொண்டுவிட்டது. பீடியோ சுருட்டோ தொட்டறியாத அவரிடம் மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, “எத்தனை வருஷமா விறகடுப்பு?” என்பதே.

தங்கை வாங்கிவந்த அடுப்பைச் செப்பனிட்ட கதையை எழுதத்தான் எழுதுகோலை எடுத்தேன். ஆயினும், அந்த அடுப்பு நம் அடுக்களைக்குள் வந்து சேர்ந்த வழி மிக நீண்டது. அவ்வழியை ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் இக்கதையைச் சொல்லி முடிக்க இயலாது.

விறகும் வரட்டியும்

திண்டுக்கல் சமவெளி மழை குறைந்த நிலம். சிறுமலையின் அடிவாரத்திலிருந்தும் நத்தம் பக்கத்துக் கரடுகளிலிருந்தும் தலைச்சுமையாக வரும் விறகுக்கட்டு, வேலியோரத்துச் சீமைக் கருவேல், தென்னை மட்டை, சோளத்தட்டை, மாட்டுச் சாணத்தைத் தட்டிக் காயவைத்த வரட்டி ஆகியவையே இங்குள்ள அடுப்புகளின் எரிபொருளாக இருந்தன. நகரத்திலோ மரத்தூள் அடுப்பும், கரி போட்டு மூட்டும் குமிட்டி அடுப்பும் இருந்தன. மரத்தூளைத் தகரக் குவளையில் இறுக அடைத்து, நடுவில் ஒரு கட்டையை நட்டு உருவி எடுத்து, அத்துளையின் வழியே தீ மூட்டும் அந்த வேலையை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

மண்ணால் குழைத்துப் பூசிய கொடியடுப்பு நம் பெண்களின் கைவண்ணம். பக்கத்துக் குமிழுக்குள் மிஞ்சிய வெப்பம் சென்று வெந்நீர் காய்ச்சும். அதில் ஒரு சிக்கன அறிவு உண்டு. ஆயினும், எரிகின்ற விறகிலுள்ள வெப்பத்தில் பெரும்பகுதி பாத்திரத்தைச் சேர்வதில்லை. திறந்த அடுப்பில் நூறு பங்கு வெப்பத்தில் ஏறத்தாழப் பத்துப் பதினைந்து பங்கே சமையலுக்குப் பயன்படுகிறது. எஞ்சியது காற்றில் போகிறது. முற்றும் எரியாத பகுதி புகையாகிறது. அந்தப் புகை முதலில் சென்று சேருமிடம், ஊதாங்குழலை வாயில் வைத்துக் குனிந்திருப்பவரின் நெஞ்சு.

இதை அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே உலகிற்கு மிகப் பிந்தித்தான் தோன்றியது. ஆலைப் புகைபோக்கிகளையும் சாலை வாகனங்களையும் அளந்த அறிவியல், அடுக்களையின் வாசலில் நெடுங்காலம் நின்றுவிட்டது. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய இந்தியத் தோழர்களும் குஜராத் சிற்றூர்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே அளவுகருவிகளைப் பொருத்தி, அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார்கள். அந்த ஆய்வு 1983இல் வெளிவந்தது. பின்னர்ச் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இத்தகைய அளவீடுகளைச் செய்தார்கள். வீட்டுக்குள் சூழும் இவ்வகைப் புகையால் 2020இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உரிய காலத்திற்கு முன்பே இறந்தனர் என்பது உலக நல நிறுவனத்தின் மதிப்பீடு.

புகைபோக்கி கட்டியவர்கள்

அடுக்களைப் புகையைக் கண்டு வருந்தியோர் நம் நாட்டிலும் இருந்தனர். 1934இல் காந்தியடிகளின் முயற்சியால் உருவான அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் வார்தாவிலுள்ள மகன்வாடியில் இயங்கியது. அதன் செயலராக விளங்கியவர், தஞ்சையில் 1892இல் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்த ஜே. சி. குமரப்பா. இலண்டனில் கணக்காய்வு பயின்ற அவர், தம் வாழ்வின் இறுதிக் காலத்தை நம் அண்டை மாவட்டமான மதுரையின் தே. கல்லுப்பட்டியில் கழித்து 1960இல் மறைந்தார். ‘மகன் சூலா’ என்ற புகைபோக்கி அடுப்பு அந்த மகன்வாடியில்தான் உருவாயிற்று. செலவில்லாத மண்ணையே கொண்டு, தீயின் வெப்பத்தை இரண்டு மூன்று பாத்திரங்களுக்கு அடுத்தடுத்துச் செலுத்திப் புகையைக் கூரைக்கு வெளியே அனுப்பும் அமைப்பு அது.

ஐதராபாத்தில் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டாக்டர் எஸ். பி. ராஜு இதே முயற்சியை மேலும் முன்னெடுத்தார். இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் புகையில்லா அடுக்களை என்ற கருத்தை விளக்கி அவர் எழுதிய ஆங்கிலச் சிறுநூலை 1953இல் சென்னைக் கிறித்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. மறைநூல்களையும் பாடல்களையும் அச்சிட்ட ஓர் அச்சகம், அடுப்பு கட்டும் முறையை விளக்கும் நூலையும் அச்சிட்டதை நினைக்குந்தோறும் எனக்கு மனநிறைவு உண்டாகிறது.

எனினும் இம்முயற்சிகள் எதிர்பார்த்த அளவுக்கு வேரூன்றவில்லை. 1983இல் நடுவணரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அது 2002இல் முடிவுக்கு வருவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டால் துப்புரவு செய்ய வேண்டும். மண் வெடித்தால் பூச வேண்டும். அடுப்பின் வாய் வீட்டிலுள்ள பானைக்குப் பொருந்த வேண்டும். கட்டிக் கொடுத்தவர்கள் திரும்பி வரவில்லை. சமைப்பவரிடம் கேட்காமல் அவருக்காகச் செய்யப்பட்ட நன்மை, பல வீடுகளில் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை.

மண்ணெண்ணெயின் காலம்

1892ஆம் ஆண்டை ஒட்டிச் சுவீடன் நாட்டில் பிரான்சு வில்கெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்பவர், திரியில்லாமல், காற்றழுத்தத்தால் மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் அடுப்பை உருவாக்கினார். ‘பிரைமஸ்’ என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. நம் ஊரில் அதற்குப் ‘பம்பு ஸ்டவ்’ என்று பெயர். பித்தளை வயிறும் மூன்று கால்களும் கொண்ட அந்த அடுப்பைப் பற்றவைப்பது ஒரு கலை. முதலில் சூடேற்ற வேண்டும். பிறகு பம்பு அடிக்க வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் நுனியில் மெல்லிய கம்பி பொருத்திய பின்னால் குத்திவிட வேண்டும். புகை குறைவுதான், ஆனால் அதன் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. பின்னாளில் 1970களின் இறுதியில், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு உருவாக்கிய ‘நூதன்’ திரி ஸ்டவ் சிக்கனத்திற்குப் பெயர் பெற்றது. மாதத்தின் முதல் வாரத்தில் நியாயவிலைக் கடையின் முன், கையில் தகரக் கேனுடன் சீமெண்ணெய்க்காக வரிசையில் நின்ற நினைவு என் வயதினர் எல்லார்க்கும் உண்டு.

மண்ணெண்ணெய் அடுப்பின் வரலாற்றில் நாம் மறைக்கக் கூடாத பக்கமொன்று உள்ளது. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு’ என்ற செய்தி 1970களிலும் 1980களிலும் நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெற்றது. உண்மையான விபத்துகளும் நிகழ்ந்தன. ஆனால் வரதட்சணைக்காக மணமகளைக் கொளுத்திவிட்டு அடுப்பின்மீது பழிபோட்ட கொடுமையும் நிகழ்ந்தது. பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடின. 1983இல், கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைத் தண்டிக்க, அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1986இல் வரதட்சணைச் சாவைத் தனிக் குற்றமாக்கும் 304-பி பிரிவு சேர்க்கப்பட்டது. மணமாகி ஏழாண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தால் இறந்தால், ‘ஸ்டவ் வெடித்தது’ என்ற ஒரு சொல்லோடு கோப்பை மூடிவிட இயலாது என்ற நிலை அதன்பிறகே உருவாயிற்று.

வாயு வந்த வழி

எரிவாயு அடுப்பின் பிறப்பிடம் இங்கிலாந்து. நார்த்தாம்ப்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷார்ப் என்பவர் 1826இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பத்தாண்டுகள் கழித்து அதைச் செய்து விற்கும் தொழிற்கூடத்தையும் நிறுவினார். அன்று எரிந்தது நிலக்கரியிலிருந்து பிரித்தெடுத்த வாயு. காற்றையும் வாயுவையும் எரிவதற்கு முன்பே கலந்துவிட்டால் கரி படியாத நீலச் சுடர் கிடைக்கும் என்பதை, 1855இல் செருமனியின் ஐடல்பர்க் நகரில் இராபர்ட் புன்சன் உருவாக்கிய விளக்கு உலகறியச் செய்தது. இன்றும் நம் வீட்டுப் பர்னரின் அடிப்படை அதுவே. சிறு துளை வழியே சீறிவரும் வாயு தன்னோடு காற்றை இழுத்துக்கொண்டு ஒரு குழாயில் கலக்கிறது; கலந்தபின் பர்னரின் துளைகளில் எரிகிறது.

எனினும் இங்கிலாந்திலும் ஏழைகளின் வீட்டுக்கு அது உடனே வரவில்லை. நூற்றாண்டின் இறுதியில், துளைக்குள் ஒரு நாணயம் இட்டால் அதற்குரிய அளவு வாயு வரும் அளவுகருவியைப் பொருத்தி, அடுப்பையும் வாடகைக்குக் கொடுத்த பிறகே தொழிலாளர் குடும்பங்கள் அதைப் பயன்படுத்தலாயின. அதாவது, அடுப்பு கண்டுபிடிக்கப்பட்டபோது மாறாத அடுக்களை, ஏழையால் இயன்ற முறையில் விலை கேட்கப்பட்டபோது மாறியது. இந்தப் பாடம் பின்னர் நம் நாட்டிலும் திரும்ப நிகழ்ந்தது.

இந்தியாவில் கொல்கத்தாவின் தெருக்களில் 1857இலேயே நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்தன. மும்பையில் 1860களில் அவை வந்தன. குழாய் வழியே வந்த அந்த வாயு ஒருசில பெருநகரங்களோடு நின்றுவிட்டது. சிற்றூர்வரை செல்லக்கூடியது, அழுத்தத்தால் நீர்மமாக்கி உருளையில் அடைத்த பெட்ரோலிய வாயு. பர்மா ஷெல் நிறுவனம் 1955இல் மும்பையில் ‘பர்ஷேன்’ என்ற பெயரில் இதனை இல்லங்களுக்கு விற்கத் தொடங்கியது. 1965 அக்டோபர் 22ஆம் நாள் கொல்கத்தாவில் இந்தியன் ஆயிலின் முதல் ‘இண்டேன்’ இணைப்பு வழங்கப்பட்டது. 1974இல் எஸ்ஸோவும் 1976இல் பர்மா ஷெல்லும் நாட்டுடைமையாயின. வீட்டு உருளையில் 14.2 கிலோ வாயு என்ற அளவு நம் எல்லார் நாவிலும் பழகிப்போனது.

இவ்வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை அறிவதற்காகவே, அழுகிய முட்டைக்கோசை ஒத்த நாற்றமுடைய மெர்காப்டன் என்ற பொருளை மிகச் சிறு அளவில் சேர்க்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே சென்று கலையாமல் தரையோடு தங்கும். இதையெல்லாம் அறியாத நம் பாட்டிமார் அதற்கு அஞ்சியதில் வியப்பில்லை. கேஸில் ஆக்கிய சோற்றைத் தின்றால் வயிற்றில் வாயு சேரும் என்று எங்கள் தெருவில் உறுதியாகச் சொன்னவர்கள் உண்டு. அச்சம் ஒருபுறமிருக்க, விரும்பியோர்க்கும் அது கிட்டவில்லை. 1970களிலும் 1980களிலும் இணைப்புக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் ஒதுக்கீட்டில் ஒரு சீட்டு பெறுவது பெரும் சலுகையாய்க் கருதப்பட்டது. 1993இல் தனியாரும் விற்கலாம் என்ற நிலை வந்தது. பின்னர் வழங்கலும் பெருகியது.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அளிக்கப்பட்ட வாக்குறுதியின்படி, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கும் திட்டம் 2007 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. நடுவணரசின் உஜ்வலா திட்டம் 2016 மே முதல் நாள் உத்தரப்பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கப்பட்டது. அரசியல் நோக்கம் எதுவாயினும் இருக்கட்டும். அடுப்பு பெண்ணின் பெயரில் வந்தது ஒரு சிறு நீதி. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட வீடுகள் தூய எரிபொருளால் சமைக்கின்றன.

ஆனாலும் இதை முழு வெற்றியென்று எழுதிவிட என் மனம் ஒப்பவில்லை. இணைப்பு இலவசமாக வரலாம். அடுத்த உருளையை விலை கொடுத்தே வாங்க வேண்டும். பங்கு மக்களின் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது, துணி போர்த்தி வைத்த கேஸ் அடுப்பும், கொல்லையில் புகைந்துகொண்டிருக்கும் மூன்று கல் அடுப்பும் ஒரே வீட்டில் இருக்கக் காண்கிறேன். விருந்தினருக்குக் காப்பி போடக் கேஸ். அன்றாடச் சோற்றுக்கு விறகு. ஆய்வுகளும் எளிய விடை தருவதில்லை. இந்தியாவில் தமிழ்நாட்டிலும் வேறு மூன்று நாடுகளிலும் 3,200 கர்ப்பிணிப் பெண்களிடம் நடத்தப்பட்ட ஒரு பெரும் ஆய்வில், பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிபொருளும் கொடுத்தார்கள். புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். பல ஆண்டுகள் புகையில் வாழ்ந்த உடலை ஒன்பது மாதங்களில் மீட்டுவிட முடியாது போலும் என்று அதைப் படித்தபோது எண்ணிக்கொண்டேன். அம்மாவுக்கு 1998இல் வந்த அடுப்பும் அப்படித்தான், பிந்தி வந்தது.

பூட்டு செய்யும் கை

இனித் தங்கையின் அடுப்புக்கு வருவோம். அதன் முன்புறத் தகட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை மங்கலாகத் தெரிந்தது. எரிவாயு அடுப்புக்கான இந்தியத் தரம் 1967இல் வகுக்கப்பட்டது. ஆகவே அது அதற்குப் பிந்தியது என்று மட்டும் உறுதியாயிற்று. முத்திரை இருந்தது நல்லதாயிற்று. மும்பை போன்ற நகரங்களில் நிலக்கரி வாயுவுக்கென்று செய்யப்பட்ட பழைய அடுப்பாய் இருந்திருந்தால், அதன் ஜெட் துளை பெரிதாய் இருக்கும். உருளை வாயுவை அதில் விட்டால் சுடர் மஞ்சளாய் எழுந்து கரியும் நச்சுவாயுவும் கக்கும். அத்தகையதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், பற்றவைக்கக் கூடாது.

முதல் வேலை துப்புரவு. பித்தளைப் பர்னர்களைப் புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்ததும் பொன்னிறம் வந்தது. காற்றும் வாயுவும் கலக்கும் குழாய் ஒன்றுக்குள் குளவி கட்டிய மண்கூடு இருந்தது. அதை எடுக்காமல் பற்றவைத்திருந்தால் வாயு பின்புறமாய் எரிந்திருக்கும். ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தவே கூடாது என்று கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக் எச்சரித்திருந்தார். பம்பு ஸ்டவ்வில் பின் குத்திப் பழகிய கைகள் இதிலும் குத்திவிடும். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு மாறிவிடும். எனவே ஜெட்டுகளைப் புதிதாகவே வாங்கினோம்.

தொல்லை கொடுத்தவை இரண்டு திருகுகளே. அவை இறுகிப்போய்த் திரும்ப மறுத்தன. அவற்றை எடுத்துக்கொண்டு, பூட்டு செய்யும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து மலிவாக வந்து குவியும் பூட்டுகளுக்கு முன்னால், கையால் அரம் பிடித்துச் செய்பவர்கள் அருகிவிட்டார்கள். அம்முதியவரின் பட்டறையில் ஒரு மேசை, ஒரு பிடிச்சிராவி, பல அரங்கள், வேறொன்றுமில்லை. திருகைக் கையில் வாங்கி ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளே, நுனி குறுகிய பித்தளை முளை ஒன்று, அதே வடிவமுள்ள குழிக்குள் அமர்ந்திருக்கிறது. முளையில் ஒரு துளை. திருப்பினால் துளை வழிக்கு நேராகிறது. மறுபடி திருப்பினால் வழி அடைபடுகிறது. “இதுவும் நம்ம வேலைதான் சாமி” என்று மகிழ்ந்தார்.

சூடுகாட்டி, தட்டி, முளையை வெளியே எடுத்தார். நுண்ணிய தேய்ப்புப் பசையைத் தடவி, குழிக்குள் வைத்து, இப்புறமும் அப்புறமும் பொறுமையாகச் சுழற்றித் தேய்த்தார். இரண்டு நாள்கள் கழித்து இரண்டு திருகுகளும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சுழன்றன. மெக்கானிக் வந்து, புதிய குழாயையும் ரெகுலேட்டரையும் பொருத்தி, சோப்பு நீரைக் குழைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். தீக்குச்சியால் கசிவு தேடும் மடமையை அவர் வேறு வீடுகளில் கண்டிருக்கிறாராம். ஒரு திருகு அமைதியாய் இருந்தது. மற்றொன்றில், கவனித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவுக்கு, ஒரு நுரைக்குமிழ் மெல்ல எழுந்து உடைந்தது, பின்னர் இன்னொன்று.

முதியவர் அதை மீண்டும் வாங்கிச் சென்று ஒரு நாள் முழுதும் தேய்த்தார். மறுபடியும் குமிழ் வந்தது. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பூட்டுன்னா ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் பூட்டிக்கிரும் சாமி. கேஸுக்கு அது ஆகாது. தங்கச்சி தினமும் பக்கத்துல நிக்கிற எடம். புதுசு வாங்கிப் போட்டுருங்க” என்றார். கூலியாக நான் நீட்டிய பணத்தில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார். தம் கைத்திறனைவிட, அடுப்பின் அருகில் நிற்கப்போகிறவரை அவர் பெரிதாக எண்ணினார். அடுக்களையின் நெடிய வரலாற்றில், முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் செய்யத் தவறியது அதைத்தான்.

புதிய திருகுகள் இரண்டும் பொருத்தப்பட்டன. சோப்பு நீரில் குமிழ் எழவில்லை. உடலுக்கு மீண்டும் வெள்ளை பூச வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். உதிர்ந்த எனாமல் உதிர்ந்தபடியே இருக்கிறது.

எதிர்வீட்டு அடுப்பு

இக்காலத்தில் நம் நெடுஞ்சாலைகளில் ‘விறகு அடுப்புச் சமையல்’ என்று பலகை வைத்த உணவகங்களைக் காண்கிறோம். திண்டுக்கல் பிரியாணியின் மணத்தில் விறகுக்கும் பங்குண்டு என்பார்கள். நானும் விரும்பி உண்கிறேன். ஆனால் பழையதை நினைத்து ஏங்கும்போது நாம் சுவையை மட்டும் நினைக்கிறோம். அச்சுவையை ஆக்கியவரின் கண்ணீரையும் இருமலையும் நினைப்பதில்லை. ஒரு வீட்டில் மிதிவண்டி வந்தது, வானொலி வந்தது, மின்விசிறி வந்தது, தொலைக்காட்சி வந்தது. அடுப்பு மட்டும் கடைசியில் வந்தது. எங்கள் வீட்டிலும் அதே வரிசைதான். அப்பா கொடுமைக்காரர் அல்லர். அம்மா கேட்கவில்லை, ஆகவே எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆசிரியை வீட்டு வாசலில் அவர் நின்ற நிலையே ஒரு கேள்வி என்பது, நான் குருமடம் சென்று, திருப்பட்டம் பெற்று, பல வீடுகளின் அடுக்களைகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று. உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் தம் கையாலேயே கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டுச் சீடர்களை உண்ண அழைத்தார் என்று யோவான் நற்செய்தியில் வாசிக்கும் நாம், நமக்காக நெருப்பின்முன் நிற்பவர்களை எத்தனை முறை திரும்பிப் பார்த்திருக்கிறோம்?

உங்கள் தெருவில் உருளை வாங்க இயலாமல் மீண்டும் புகைக்குத் திரும்பிய வீடு ஒன்றேனும் இருக்கும். வின்சென்ட் தே பவுல் சபையினரும் அன்பியங்களும் அரிசியும் துணியும் வழங்குவது வழக்கம். ஆண்டில் இரண்டு உருளைகளுக்கான தொகையையும் அப்பட்டியலில் சேர்க்கலாம் என்று எங்கள் பங்கில் பேசத் தொடங்கியிருக்கிறோம்.

அம்மாவின் நினைவு நாளன்று திருப்பலி முடிந்து தங்கையின் வீட்டுக்குச் சென்றேன். பழைய அடுப்பு சன்னலோரத்தில் இருந்தது. அன்றாடச் சமையலுக்கு அவள் புதிய அடுப்பையே பயன்படுத்துகிறாள். இது காப்பிக்கு மட்டும். திருகைத் திருப்பித் தீக்குச்சியைக் காட்டினாள். ‘பக்’கென்று நீல வளையம் எழுந்தது. கல்லூரியில் படிக்கும் அவள் மகள், “இதுக்கா ஆச்சி அவ்வளவு ஆசைப்பட்டாங்க?” என்று கேட்டாள். தங்கை மறுமொழி சொல்லாமல் பாலை வைத்தாள். பால் பொங்கும்வரை நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எவர் கண்ணிலும் புகை படவில்லை.